மூடிக் கணக்கும் மில்லிக் கணக்கும்

முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் மானாவாரியில் நிற்கும் முண்டு மிளகாய், மழை தவறினால் முதலில் பூவைத்தான் கைவிடும். காம்பு தண்டோடு சேரும் இடத்தில் மயிரிழை அளவுக்கு மஞ்சள் ஏறும். பிறகு தொட்டாலே பூ உதிரும். செடிக்குள் ஊறும் ஆக்சின் என்ற ஹார்மோன் அங்கே குறைந்துபோனதன் அடையாளம் அது. அதையே மேலே தெளிக்கலாமே என்றால், செடி தானாகச் சுரக்கும் ஆக்சின் வெயிலில் சிதையும். செடியின் நொதிகளும் அதை உடைத்துவிடும். இதற்காகத்தான் நாப்தலீன் அசிட்டிக் அமிலம் போன்ற செயற்கை ஆக்சின்கள் வந்தன. அவற்றைச் செடி தன் ஹார்மோனாகவே ஏற்கும், ஆனால் எளிதில் உடைக்க முடியாது. மிளகாய்க்கு நட்ட 60ஆம், 90ஆம் நாட்களில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் நாப்தலீன் அசிட்டிக் அமிலம் தெளிக்கச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். 4.5 சதவீதக் கரைசல் என்றால் 10 லிட்டர் டேங்குக்கு 2 மில்லிக்குச் சற்று மேல். பாட்டில் மூடியால் ஊற்றினால் கணக்கு எங்கோ போய்விடும்.

மண்டபம் கரையில் பாசிச் சாறு இருக்க ரசாயனம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். மூங்கில் மிதவைகளில் பெண்கள் வளர்க்கும் கப்பாபைகஸை (பெப்சி நிறுவனம் ஊக்குவித்ததால் ஊர் வாயில் அது 'பெப்சி பாசி') பச்சையாகவே அரைத்துப் பிழிந்து உரச்சாறு எடுக்கும் முறையை மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியது. பல பயிர்களில் அது பலன் தந்திருக்கிறது; கரையோர வீடுகளில் அதனால் அடுப்பெரிகிறது. அந்தத் தொழில் தழைக்க வேண்டும். ஆனாலும் அந்தச் சாற்றிலும் ஆக்சின், ஜிப்ரலின், சைட்டோகைனின் ஆகிய ஹார்மோன்கள் இருக்கின்றன. மூலக்கூறு கடலில் பிறந்ததா, ஆய்வகத்தில் பிறந்ததா என்று செடி பார்ப்பதில்லை. சாற்றில் அவற்றின் அளவு பாசிக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறும் என்பதால், கண்காணிப்பு அதற்கும் தேவை. இத்தகைய சாறுகள் உள்ளிட்ட உயிர்த்தூண்டிகளை 2021இல் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்தது சரியான முடிவு. அயல்கடலிலிருந்து வந்த இதே பாசி குருசடைத் தீவில் பவளப்பாறைகள்மேல் படர்ந்ததை 2008இல் ஆய்வாளர்கள் பதிவு செய்ததையும் மறக்கக் கூடாது.

செயற்கை மருந்தின்மேல் உள்ள அச்சத்துக்கும் ஆதாரம் இருக்கிறது. 1940களில் புழக்கத்துக்கு வந்த 2,4-டி என்ற செயற்கை ஆக்சின், மிகக் குறைந்த அளவில் எலுமிச்சை வகைகளில் காய் உதிராமல் காக்கும். அளவு கூடினால் அகன்ற இலைச் செடிகளைக் கொல்லும். மிளகாயும் அகன்ற இலைச் செடிதான். மாமரத்துக்கு ஊற்றும் பேக்லோபியூட்ரசால் என்ற மருந்து மண்ணில் நெடுநாள் தங்கும். ஆகவே புதிய வளர்ச்சி ஊக்கியைத் தேடும் ஆய்வகம் வீரியத்தைக் கூட்டுவதிலேயே குறியாக இருக்கக் கூடாது. பலன் தரும் அளவுக்கும் கெடுதல் செய்யும் அளவுக்கும் இடைவெளி அகலமாக இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் மருந்து மண்ணில் சிதைந்துவிட வேண்டும். அப்படி ஒன்று வரும்வரை, ஒவ்வொரு பாட்டிலோடும் மில்லிக் கோடு போட்ட அளவுக் குழாய் ஒன்றைக் கட்டாயமாக்கலாம்.