பழைய குறுந்தட்டில் ஒரு விஞ்ஞானப் பாடம்

புனேயிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ரஞ்சன்காவ் தொழிற்பேட்டையில் மின்னணுச் சாதனங்கள் உற்பத்தியாகின்றன. இத்தகைய சாதனங்கள் பழையனவாகிக் கழிக்கப்படும்போது அவற்றால் பயனுண்டா? புனே நகரிலுள்ள ‘அயூகா’ வானியல் மையத்தின் சிறுவர் விஞ்ஞான நிலையம் இதற்கு வழிகாட்டியது. அங்குப் பணியாற்றிய அரவிந்த் குப்தா, கழிவுப் பொருள்களைக் கொண்டே விஞ்ஞான விளையாட்டுக் கருவிகளை அமைத்துக் காட்டினார். அவருக்கு 2018-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.

கணிப்பொறிக் குறுந்தட்டு ஒன்றே ஒரு பாடத்திற்குப் போதுமானது. அதில் மில்லிமீட்டருக்குச் சுமார் 625 தடங்கள் நெருங்கி அமைந்துள்ளன. இவை ஒளியை நிறமாலையாகப் பிரிக்கின்றன. அட்டைப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மெல்லிய பிளவொன்று இட்டு, எதிர்ப்பக்கத்தில் தட்டைச் சாய்வாகப் பொருத்தி, மேலுள்ள துளை வழியே நோக்குக. இழை விளக்கின் ஒளியில் நிறங்கள் தொடர்ச்சியாகத் தோன்றும். குழல் விளக்கின் ஒளியிலோ பிரகாசமான கோடுகள் தனித்தனியே புலப்படும். ஒளி பிறக்கும் முறை வேறுபடுவதே இதற்குக் காரணம்.

ஆசிரியர்கள் ஓர் எச்சரிக்கையை மாணவர்க்கு வற்புறுத்துதல் வேண்டும். கிரகண காலத்திலும் குறுந்தட்டின் வழியாகவோ, நெகிழ்தட்டின் கரிய படலத்தின் வழியாகவோ சூரியனை நோக்கலாகாது. கண்ணுக்குப் புலனாகாத கதிர்கள் ஊடுருவி விழித்திரையைப் பழுதாக்கக்கூடும். வலி தோன்றாமையால் கேடு உடனே தெரிவதில்லை.