கொட்டிலுக்கு ஏற்ற சில்லுக் கருவிப் பெட்டி

கலப்பையும் மண்வெட்டியும் அரிவாளுமே கமத்தின் கருவிகளாயிருந்த காலத்தில், அவற்றை வைப்பதற்கு ஒரு வளையும் இரண்டு ஆணிகளும் போதுமானவையாயிருந்தன. இன்றோ இரு சில்லு உழவு இயந்திரம், நீர்ப்பம்பி, முதுகில் சுமக்கும் தெளிகருவி என்பன சிறு கமக்காரரின் கொட்டிலிலும் இடம்பெற்றுள்ளன. இவ்வியந்திரங்களைப் பேணுதற்கு வேண்டிய ஸ்பானர்கள், குறடுகள், திருப்புளிகள், அரங்கள், கிறீஸ் ஏற்றும் கருவி முதலியன ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. ஆயின் அவற்றுக்கென ஓரிடம் வகுக்கப்படுவதில்லை. பாதி வெறுமையான பசளைச் சாக்கினுள்ளும், யன்னற் படியிலும், உழவு இயந்திரத்தின் இருக்கையின் கீழும் அவை சிதறிக் கிடக்கின்றன.

இதனால் விளையும் நட்டம் வேலைக் காலத்திலேயே தெரியவரும். பெரும்போகத்து முதன் மழை பெய்து நிலம் பதமாயிருக்கும்போது, அல்லது வாய்க்காலில் உமது முறைக்குரிய நீர் வந்துகொண்டிருக்கும்போது, இயந்திரத்தின் ஒரு நட்டு தளர்ந்துவிடுகின்றது. அதனை இறுக்குதற்கு ஐந்து நிமிடம் போதும். அதற்குரிய ஸ்பானரைத் தேடுதற்கு அரைநாள் செல்கின்றது. அகப்படாதவிடத்துக் குறட்டினாற் பிடித்துத் திருகுவதால் நட்டின் மூலைகள் மழுங்கி, பின்னர் உரிய ஸ்பானரும் அதனைப் பற்றாதுபோகும். கருவிகளை ஒழுங்காக வைப்பதற்குச் செலவிடும் பணத்தை இத்தகைய நட்டத்தோடு ஒப்பிட்டே மதித்தல் வேண்டும்.

கைக்கருவிகள் மட்டுமே உடைய கமக்காரர் பெட்டி வாங்கவேண்டியதில்லை. சுவரில் ஒரு பலகையை அறைந்து ஆணிகளில் தூக்கிவைத்தலே அவர்கட்குப் போதும். இயந்திரம் உடையோர்க்கே சில்லுப் பூட்டிய பெட்டி பயன் தருவது. இயந்திரத்தைக் கருவிகளிருக்கும் மூலைக்குக் கொண்டுசெல்வதிலும் கருவிகளை இயந்திரத்தின் அருகே உருட்டிவருதல் எளிது. அன்றியும், கழற்றும்போது கருவிகளை நிலத்தில் வைத்துவிட்டு மண்ணிலும் உமியிலும் தொலைக்கும் வழக்கம், பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும்போது தானே குறைந்துவிடும்.

முதலிற் கருவிகளை அளந்துகொள்க

கடைக்குச் செல்லுமுன் வீட்டிலுள்ள கருவிகள் அனைத்தையும் ஒரு பாயிற் பரப்புக. பயன்படாதவற்றையும் இரட்டிப்பானவற்றையும் நீக்குக. எஞ்சியவற்றுள் மிக நீளமானது எது என அளந்து பார்க்க. பெரும்பாலும் அது குழாய் ஸ்பானராகவோ, சில்லு நட்டுக்குரிய நீண்ட கைப்பிடியாகவோ இருக்கும். பெட்டியின் உள்ளகலம் இதனிலும் ஓர் அங்குலமாவது கூடியிருத்தல் வேண்டும். மலிவான பெட்டிகள் பல 26 அல்லது 27 அங்குல அகலமுடையவை. எனினும் லாச்சியின் உட்புறம் இவ்வளவிலும் பல அங்குலம் குறைந்திருக்கும். ஆகவே வெளிப்புற அளவைக் கேட்டு ஏமாறாது, லாச்சியைத் திறந்து உட்புறத்தை அளத்தல் நன்று.

ஸ்பானர்களின் தொகையை முடிவுசெய்வதில் ஒரு நுட்பம் உண்டு. 8 மி.மீ. தடிப்புடைய மரையாணியின் தலை ஜப்பானிய இயந்திரங்களிற் பெரும்பாலும் 12 மி.மீ. ஆகவும், பிற நாடுகளினவற்றிற் பல 13 மி.மீ. ஆகவும் அமைந்துள்ளன. 10 மி.மீ. மரையாணியாயின், முன்னதில் 14 ஆகவும் பின்னதில் 16 அல்லது 17 ஆகவும் இருக்கும். பழைய ஆங்கில இயந்திரங்களை இன்றும் வைத்திருப்போர்க்கு அங்குலக் கணக்கிலான ஸ்பானர்கள் தனியே வேண்டும். எனவே ஜப்பானிய உழவு இயந்திரமும் சீன நீர்ப்பம்பியும் வைத்திருக்கும் கமக்காரர்க்கு இரு தொகுதிகளும் தேவைப்படலாம். இவற்றை ஒரே லாச்சியிற் கலந்து வைத்தலே நட்டுகள் மழுங்குவதற்கு ஒரு காரணமாகும். 13 மி.மீ. ஸ்பானர் 12 மி.மீ. தலையில் ஏறிக்கொள்ளும், ஆனாற் பற்றாது வழுக்கும். இரண்டு தொகுதிகளுக்கும் இரண்டு ஆழமற்ற லாச்சிகள் இருத்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

சில்லும் தரையும்

பெட்டியின் நிறத்தையும் லாச்சிகளின் எண்ணிக்கையையும் பார்த்து வாங்குவோர் பலர். சில்லைக் குனிந்து பார்ப்போர் சிலரே. எமது கருத்தில், கமக்காரர் முதலிற் பார்க்கவேண்டியது சில்லையேயாம். கடைகளில் விற்கப்படும் மலிவான பெட்டிகள் நகரத்து வீட்டின் வழுவழுப்பான சீமெந்துத் தரையை மனத்திற்கொண்டு செய்யப்பட்டவை. அவற்றின் இரண்டு மூன்று அங்குலச் சில்லுகள் எமது கொட்டிலின் மண்தரையிற் புதைந்துவிடும்; வெடித்த சீமெந்துத் தரையில் ஒரு சிறு கல் தடுத்தாலும் நின்றுவிடும். அவ்வாறு திடீரென நிற்கும்போது, பாரமேற்றிய பெட்டி தள்ளுபவரின் மறுபுறமாகக் கவிழவுங் கூடும்.

சீமெந்துத் தரையாயின் 5 அங்குல (125 மி.மீ.) விட்டமுள்ள சில்லுகள் பொருத்தமானவை. இரண்டு நேராக மட்டும் உருள்வனவும், இரண்டு எத்திசையும் திரும்புவனவுமாக இருத்தல் வேண்டும். திரும்பும் சில்லுகளிரண்டிலும் காலால் மிதிக்கும் தடுப்பு அமைந்திருப்பது நன்று. நான்கும் திரும்புவனவாயின் பெட்டி நேரே செல்லாது பக்கங்களில் இழுபடும். சில்லைத் தாங்கும் தகடு நான்கு மரையாணிகளாற் பூட்டப்பட்டிருத்தல் வேண்டும். ஒற்றைத் தண்டினாற் செருகப்பட்டவை சில மாதங்களில் ஆடத் தொடங்கும்.

ஒவ்வொரு சில்லும் தாங்கக்கூடிய பாரம் அதன்மீதோ அட்டையிலோ குறிக்கப்பட்டிருக்கும். பெட்டி 35 கிலோகிராமும் கருவிகள் 55 கிலோகிராமும் ஆயின் மொத்தம் 90 கிலோகிராம். இதனை நான்காற் பிரித்தல் தவறு. சமனற்ற தரையில் ஒரு சில்லு எப்பொழுதும் நிலத்தைத் தொடாது நிற்கலாம். பாரம் முழுவதையும் மூன்று சில்லுகளே சுமக்கும். ஆகவே மூன்றாற் பிரித்து, சில்லொன்றுக்கு 30 கிலோகிராம் எனக் கொண்டு, அதற்குச் சற்று மேற்பட்டதையே தெரிவுசெய்க.

இயற்கை இறப்பர் ஓசையின்றி உருளும். ஆயின் டீசலும் எண்ணெயும் பட்டால் ஊதி மென்மையாகிவிடும். எண்ணெய் சிந்தும் கொட்டிலுக்கு இது உகந்ததன்று. பொலியூறிதேன் சில்லு இவ்வகையிற் சிறந்தது. கடின பிளாஸ்டிக் சில்லு மலிவானது, எண்ணெயையும் தாங்கும். ஆனால் உருளும்போது அதிர்ச்சி அதிகம்.

சாணம் மெழுகிய மண்தரையே உள்ளதாயின், எச்சில்லும் மாரிகாலத்தில் நன்கு உருளாது. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. பெட்டி செல்லவேண்டிய பாதையில் மட்டும் இரண்டடி அகலத்துக்குச் சீமெந்து இடுதல் ஒன்று. மற்றையது, மண் அள்ளும் தள்ளுவண்டியைப் போல ஒருபுறம் இரண்டு பெரிய சில்லுகளும் மறுபுறம் இரண்டு கால்களும் கைப்பிடியும் உடையதாகப் பெட்டியைச் செய்வித்தல். பின்னது பார்வைக்கு அழகற்றதாயினும் வரம்பு வரையிலும் செல்லும். மரக்கறித் தோட்டத்தில் நீர்ப்பம்பியைக் கிணற்றடியிலேயே வைத்திருப்போர்க்கு இதனையே நாம் விதந்துரைப்போம்.

லாச்சியும் தகடும்

தகட்டின் தடிப்பு கேஜ் என்னும் கணக்கிற் கூறப்படும். எண் கூடக்கூடத் தகடு மெல்லியதாகும் என்பதை மறவற்க. 18 கேஜ் உருக்குத் தகடு ஏறத்தாழ 1.2 மி.மீ. தடிப்புடையது, 24 கேஜ் அதிற் பாதியளவே. சட்டத்துக்கு 18 அல்லது 20 கேஜ் இருப்பின், லாச்சிகள் சற்று மெல்லியனவாயினும் பாதகமில்லை. விற்பவர் தடிப்பை அறியாராயின், பெட்டியின் எதிரெதிர் மூலைகளைப் பிடித்து முறுக்கிப் பார்க்க. லாச்சிகள் அவ்வேளை இறுகிக்கொள்ளுமாயின் சட்டம் வலுவற்றது. தகட்டின் விளிம்புகள் மடிக்கப்பட்டுள்ளனவா என விரலால் அன்றி ஒரு துணியாலே தடவி அறிக.

லாச்சி ஓடும் தண்டவாளம் இருவகைப்படும். தகட்டின்மேல் தகடு வழுக்குவது ஒன்று. உருக்குக் குண்டுகளின் மேல் ஓடுவது மற்றையது. இரண்டாவதே இலகுவில் ஓடும், பாரமும் தாங்கும். எனினும் நெல் குற்றும் அல்லது தூற்றும் இடத்துக்கு அண்மையிலுள்ள கொட்டிலில் உமித்தூசி குண்டுகளிடையே கிறீஸுடன் ஒட்டிச் சிக்கிக்கொள்ளும். ஆண்டுக்கு இருமுறை துடைத்துப் புதிய கிறீஸ் இடச் சோம்புவோர்க்கு, முதல்வகையே நீண்டநாள் உழைக்கும் எனல் தவறாகாது. கடையில் லாச்சியை முற்றாக வெளியே இழுத்து, அதன் முன்விளிம்பைக் கையால் அழுத்துக. வளையுமாயினும், திரும்ப மூடும்போது உரசுமாயினும் அதனை விட்டுவிடுக.

ஒரே விலையில் ஒன்பது லாச்சிப் பெட்டியும் நான்கு லாச்சிப் பெட்டியும் கிடைக்குமாயின் நான்கையே கொள்க. அத்தனை லாச்சிகளை அவ்விலைக்குத் தருபவர் தகட்டிலோ தண்டவாளத்திலோ சில்லிலோ மிச்சம்பிடித்திருப்பார். இரண்டு அங்குல ஆழமுள்ள லாச்சிகள் இரண்டு, ஐந்தாறு அங்குலமுள்ளது ஒன்று, கீழே சுத்தியலும் எண்ணெய்த் தகரங்களும் வைப்பதற்குக் கதவுள்ள வெற்றிடம் ஒன்று ஆகியவை சிறு கமத்துக்கு அமையும்.

கந்தோர்களில் கழிக்கப்படும் இரும்புக் கோப்பு அலுமாரிகளை மலிவாக வாங்கிச் சில்லுப் பூட்டுவோரும் உளர். இது ஆபத்தான சிக்கனம். ஒடுங்கி உயர்ந்த அவ்வலுமாரியின் மேல்லாச்சியைக் கருவிகளுடன் திறந்தால், அது திறப்பவர்மேலே சாயும்.

உள்ளூரில் இரும்பு ஒட்டுவேலை செய்வோரிடம் பெட்டியைச் செய்வித்தல் பல வேளைகளில் இலாபமானது. ஓரங்குலக் கோண இரும்பினாற் சட்டம் கட்டி, 28 அங்குல நீளமும் 18 அங்குல அகலமும், சில்லுட்பட 34 அங்குல உயரமும் உடையதாகச் செய்விக்கலாம். மேற்றட்டு இடுப்பளவில் அமைவதால் நின்றபடியே அதன்மேல் வேலையும் செய்யலாம். மிச்சமாகும் பணத்தை நல்ல சில்லிலும் தண்டவாளத்திலும் செலவிடுக. பக்கங்களுக்குப் பலகை இடுவதாயின் பலா, வேம்பு, மலைவேம்பு என்பவற்றுள் நன்கு உலர்ந்ததைத் தேர்க. ஈரம் வற்றாத பச்சைப் பலகையிலிருந்து எழும் புளிப்பு ஆவி மூடிய பெட்டியினுள் இருக்கும் இரும்பைக் கறள் பிடிக்கச் செய்யும்.

கறள்

யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு, மட்டக்களப்பு முதலிய கரையோரப் பகுதிகளில் உப்புக்காற்று கருவிகளின் முதற் பகை. இரண்டாவது பகையைக் கமக்காரர் தாமே கொட்டிலுக்குக் கொண்டுவருகின்றனர், அஃது பசளை. யூரியா காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மியூறியேற்றுப் பொட்டாசு குளோரைட்டு உப்பாகையாற் கடலுப்பைப் போன்றே இரும்பை அரிக்கும். பசளை மூடைகளைக் கொட்டிலின் ஒருபுறமும் பெட்டியை மறுபுறமும் வைக்க. பசளை எறிந்த கையுடன் லாச்சியைத் திறவற்க. மின்கலத்தையும் பெட்டியினுள் வைத்தல் ஆகாது. அது மின்னேற்றப்படும்போது வெளிவரும் அமில ஆவி ஒரே போகத்தில் ஸ்பானர்களைக் கெடுத்துவிடும்.

லாச்சிகளில் சாக்குத் துண்டையோ பத்திரிகைத் தாளையோ விரிக்கும் வழக்கத்தைக் கைவிடுதல் வேண்டும். இவை ஈரத்தைத் தாங்கி வைத்து, கருவியின் அடிப்புறத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் அரிக்கச் செய்யும். எண்ணெய்க்குக் கெடாத மெல்லிய செயற்கை இறப்பர் விரிப்பே தகுந்தது. வேலை முடிந்ததும் எண்ணெய் தோய்ந்த துணியால் ஒருமுறை துடைத்து வைத்தல் போதும்.

பூச்சிநாசினிப் போத்தல்களை, பூட்டுள்ள இடம் இதுவே எனக் கருதி, இப்பெட்டியில் வைப்போர் உளர். இது முற்றாகத் தவிர்க்கற்பாலது. கருவி எடுக்கும் கையே பின்னர் உணவு உண்ணும் கையாகும். பெட்டியைத் திறக்கும் பிள்ளைக்கும் நஞ்சு எளிதிற் கிட்டும். அவற்றுக்குத் தனியான பூட்டிய இடமே வேண்டும். தெளிகருவியின் மூக்கு, வால்வு முதலியவற்றையும் நன்கு கழுவி உலர்த்திய பின்னரே லாச்சியில் இடுக.

பாரமான கருவிகளைக் கீழேயும் இலேசானவற்றை மேலேயும் அடுக்குக. ஒரு வேளையில் ஒரு லாச்சியையே திறக்க. ஒன்று திறந்திருக்கும்போது மற்றையவை திறவாத பூட்டமைப்பு இருப்பின் மிக நன்று. பெட்டியை நகர்த்துமுன் எல்லா லாச்சிகளையும் மூடிப் பூட்டுக. அதனைத் தள்ளுக, இழுக்கற்க. கவிழுமாயின் இழுப்பவர் மீதே கவிழும்.

விரிப்பின்மேல் ஒவ்வொரு கருவியையும் வைத்து, அதன் உருவத்தைச் சுற்றி வெண்தீந்தையாற் கோடு வரைந்துவிட்டால், மாலையிற் பூட்டுமுன் எது வெறுமையாயுள்ளது என ஒரு பார்வையிலே தெரியும். அயலவர் இரவல் கொண்டுசென்ற கருவிக்குப் பதிலாக அவர் பெயரெழுதிய துண்டொன்றை அவ்விடத்தில் வைத்தல் சிலரிடம் உள்ள நல்வழக்கம். பெரும்போக மழை தொடங்குமுன், புரட்டாதி மாதத்தில் ஒரு நாள், லாச்சிகளைக் கழற்றித் தூசு நீக்கி, சில்லுகளின் அச்சுக்கு எண்ணெய் இட்டு, அவற்றைப் பூட்டிய மரையாணிகளை மீள இறுக்கிவைக்க.