கணிப்பொறிக் கருவிகள் – 7: வெற்றிடம் களையும் நிரல்

உலாவியானது ஜாவாஸ்கிரிப்ட் நிரலை எவ்வாறு படித்து இயக்குகிறது என்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்த நிரல் சர்வரை விட்டுப் புறப்படுமுன் அதன் பருமனைக் குறைத்து அனுப்பும் ஒரு சிறு கருவியை இவ்வாரம் எடுத்துக்கொள்கிறேன். ஜேசான் என்னும் தரவு வடிவத்தை உலகறியச் செய்த டக்ளஸ் கிராக்ஃபோர்டு என்ற அமெரிக்க நிரலாளர், 2001ஆம் ஆண்டு வாக்கில் சி மொழியில் எழுதிய ஜேஎஸ்மின் என்பதே அது.

மனிதர் படிப்பதற்காக வரிகளை உள்தள்ளியும், பகுதிகளுக்கிடையே வெற்று வரி விட்டும், சிக்கலான இடங்களில் விளக்கக் குறிப்புகள் சேர்த்தும் விஸ்தாரமாக எழுதப்படும் நிரலில், உலாவிக்கு இவற்றால் யாதொரு பிரயோஜனமும் இல்லையாயினும், இவையும் எழுத்துகளே ஆதலால் ஏனையவற்றோடு இவையும் கம்பி வழியே பிரயாணம் செய்தே தீரவேண்டும். 56 கிலோபிட் மோடமே பல வீடுகளுக்கு வாய்த்திருந்த அந்நாளில், 100 கிலோபைட் கோப்பு ஒன்று வந்துசேர, மோடம் தன் முழு வேகத்தில் ஓடினாலும் 14 விநாடிகள் பிடித்தன. ஜேஎஸ்மின் சாதாரணமாகக் கோப்பின் அளவைப் பாதியாக்கிற்று என்றால், அதன் அருமை விளங்கும்.

கட்டளை வரியில் ஒருபுறம் மூலக் கோப்பை உள்ளே செலுத்தினால் மறுபுறம் சுருங்கிய கோப்பு வெளிவரும். வேறு சடங்கு ஒன்றுமில்லை. ஏறத்தாழ 300 வரிகளே கொண்ட அந்நிரல், எந்நேரமும் இரண்டே எழுத்துகளைக் கையில் வைத்துக்கொண்டு, முதலாவதை வெளியிடுவதா, அல்லது இரண்டில் ஒன்றைத் தள்ளிவிடுவதா என்று மட்டும் தீர்மானித்தவாறு முன்னேறுகிறது. மாறிகளின் பெயர்களைச் சுருக்குவதோ, வாக்கியங்களை மாற்றியமைப்பதோ அதன் காரியமன்று.

இவ்வளவு எளிய காரியத்திலும் சூட்சுமங்கள் உண்டு. அரைப்புள்ளி இடாது வரியை முடித்தால், பல இடங்களில் அவ்வரி முடிவையே அரைப்புள்ளியாகக் கொள்ளும் சம்பிரதாயம் ஜாவாஸ்கிரிப்டில் இருப்பதால், வரிப் பிரிவுகள் அனைத்தையும் விவேகமின்றி அழித்தால் இரண்டு வாக்கியங்கள் ஒன்றோடொன்று ஒட்டி அனர்த்தம் விளையும். ஆகவே ஜேஎஸ்மின், முந்தைய வரியின் ஈற்றெழுத்தையும் அடுத்த வரியின் முதலெழுத்தையும் நோக்கி, ஐயத்துக்கிடமான பெரும்பாலான இடங்களில் பிரிவை அப்படியே விட்டுவிடுகிறது. இந்த அடக்கத்தையே அதன் தலையாய குணமாக நான் கருதுகிறேன்.

ஆயினும் அதன் பார்வைக்கும் எல்லை உண்டு. ‘அ + ++ஆ’ என்று எழுதினால், ஆ-வை ஒன்று கூட்டிப் பின்பு அ-வுடன் சேர்க்க வேண்டும் என்று பொருள். இடைவெளி போய் ‘அ+++ஆ’ என்றானதும், உலாவி அதனை ‘அ++ + ஆ’ என்று பிரித்துப் படித்து, ஆ-வை விட்டு அ-வைக் கூட்டிவிடும். பிழைச் செய்தி ஒன்றும் எழாமல் கணக்கு மட்டும் தவறிப்போகும். இத்தகைய இடங்களில் அடைப்புக்குறி இடுங்கள் என்று கிராக்ஃபோர்டே எச்சரித்திருந்தார். தம் கருவியின் குறையை முன்கூட்டியே பகிரங்கமாகச் சொல்லும் இந்த நேர்மை மிகவும் பாராட்டத்தக்கது.

ஜேஎஸ்மினின் உரிமத்தில் கிராக்ஃபோர்டு சேர்த்த ஒரு நிபந்தனையையும் சொல்லியாக வேண்டும்: இம்மென்பொருளை நன்மைக்கே பயன்படுத்த வேண்டும், தீமைக்கு அன்று என்பது அது. டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளத் திட்டத்தார் இது சுதந்திர மென்பொருளின் இலக்கணத்துக்கு மாறானதென்று கருதினர். 2009இல் ஜேஎஸ்மினின் பிஎச்பி மொழி வடிவத்தைத் தனது தளத்தில் வைத்திருக்கக் கூகுள் நிறுவனமும் இசையவில்லை. அவருடைய நோக்கம் உத்தமமானதே. எனினும் நன்மை எது, தீமை எது என்று வரையறுக்காத நிபந்தனையை எந்த நியாயஸ்தலமும் நிறைவேற்றித் தர இயலாது என்பதே என் அபிப்பிராயம்.

ஜேஎஸ்மினுக்குப் பின்னர், 2007இல் யாகூவின் ஒய்யுஐ கம்ப்ரஸர், 2009இல் கூகுளின் குளோஷர் கம்பைலர், 2010இல் அக்ளிஃபைஜேஎஸ் என்று நிரலின் இலக்கணத்தையே கிரகித்துப் பெயர்களையும் சுருக்கவல்ல கருவிகள் தோன்றின. இன்று புதிதாக வேலை தொடங்குவோர் அவற்றின் வழிவந்தவற்றையே கைக்கொள்வது உசிதம்.

எந்தக் கருவியை ஆண்டாலும் மூலக் கோப்பை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை களையப்பட்ட விளக்கக் குறிப்புகளைச் சுருங்கிய கோப்பிலிருந்து மீட்க வழியில்லை.