பொதிகையில் ஆக்குப்புரை, புன்னைக்காயல் வரை பந்தி: தாமிரபரணி எப்படி இயங்குகிறது?

தாமிரபரணியின் நீளம் சுமார் 128 கிலோமீட்டர். காவிரி ஓடுவதோ 800 கிலோமீட்டர். இத்தனை சின்ன ஆறு, வற்றாத ஆறு என்று பெயரெடுத்து, 86,000 ஏக்கருக்கு மேல் எப்படிப் பாய்கிறது? கல்யாண வீட்டுச் சாப்பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். எங்கே ஆக்குகிறார்கள், எதில் சேர்த்து வைக்கிறார்கள், எந்த வரிசையில் விளம்புகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே வந்தால் ஆறு புரிந்துவிடும்.

முதலில் ஆக்குப்புரை. அது பொதிகை மலை. இங்கே வருஷத்துக்கு இரண்டு முறை அடுப்பு மூட்டுகிறார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. கேரளப் பக்கம் கொட்டுவதில் ஒரு பங்கு மலைமுகட்டைத் தாண்டி இந்தப் பக்கமும் விழும். பிறகு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடல் மேகம் கிழக்குச் சரிவில் முட்டிப் பொழியும். முதல் மழையில் கார் நெல் சாகுபடி, இரண்டாவதில் பிசான நெல் சாகுபடி.

பெய்த மழை உடனே ஓடிவிடுவதில்லை. உச்சியில் சோலைக்காடும் புல்வெளியும் இருக்கின்றன. சருகும் வேரும் பின்னிக் கிடக்கும் அந்த மண் தண்ணீரை உள்ளே வாங்கிக்கொண்டு, மழை விட்ட பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும். இப்படிக் கசிந்த ஓடைகள்தான் பேயாறு, உள்ளாறு, பாம்பாறு, சேர்வலாறு என்று சேர்ந்து ஆறாகின்றன. இந்தக் காட்டின் பெரும்பகுதி களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. நெல்லை விவசாயிக்கு இந்தக் காட்டைக் காப்பதைவிடப் பெரிய உதவியை யாரும் செய்துவிட முடியாது என்றே நினைக்கிறேன்.

அடுத்து அண்டா. மலையிலும் அடிவாரத்திலுமாக மூன்று பெரிய அண்டாக்கள் உண்டு: 143 அடி பாபநாசம் அணை, 156 அடி சேர்வலாறு அணை, 118 அடி மணிமுத்தாறு அணை. பாபநாசமும் சேர்வலாறும் சுரங்க வழியால் இணைந்தவை. பாபநாசத்திலிருந்து இறங்கும் தண்ணீர் வழியில் மின்சாரமும் எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் சமவெளிக்கு வருகிறது. ஊர்க்காரர்கள் தினமும் கேட்பது ஒன்றுதான்: "டேம்ல எத்தனை அடி?"

இனி விளம்புகிற இடம். இந்த ஆற்றின் சாமர்த்தியமே இங்கேதான். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள். கடைசியில் உள்ள ஸ்ரீவைகுண்டம் 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆட்சியில் எழுந்தது. மற்றவை அதற்கும் மிகவும் முந்தியவை. இவை தண்ணீரைத் தேக்கிவைக்கும் அணைகள் அல்ல. ஆற்றின் மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பக்கத்துக் கால்வாய்க்குள் திருப்பிவிடும் தாழ்ந்த சுவர்கள், அவ்வளவுதான். தன் பந்திக்கு வேண்டியதை எடுத்ததும், மிச்சம் சுவர்மேல் வழிந்து அடுத்த பந்திக்குப் போகும்.

மருதூர் அணைக்கட்டைப் போய்ப் பாருங்கள். குதிரை லாடம் போல வளைந்து 4,000 அடிக்கு மேல் நீள்கிறது. ஆற்றை நேராக மறிக்க இத்தனை நீளம் தேவையே இல்லை. ஆனால் சுவர் நீள நீள, வெள்ளம் அகலமாகப் பரவி மெல்லிய விரிப்பாக வழியும். ஓரிடத்தில் மோதி உடைக்காது. கட்டியவர்களின் கணக்கை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

கால்வாய்க்குள் போன தண்ணீர் பாதி வயலுக்கு நேராகவும், பாதி குளங்கள் வழியாகவும் போகிறது. சுத்தமல்லியில் பிரியும் நெல்லைக் கால்வாய் நயினார்குளத்தை நிரப்புகிறது. ஒரு குளம் நிரம்பினால் மறுகால் பாய்ந்து அடுத்த குளம். கல்யாண வீட்டில் அரிசி களைந்த தண்ணீர் கழனித் தொட்டிக்கும், கை கழுவிய தண்ணீர் கொல்லை வாழைக்கும் போகுமில்லையா? அப்படித்தான் வயலில் வடிந்த தண்ணீரும் திரும்ப ஆற்றில் விழுந்து, கீழே உள்ள அணைக்கட்டில் மறுபடி பாசனமாகிறது. ஒரே தண்ணீருக்கு இரண்டு மூன்று வேலை! அதனால்தான் மேலே ஒருவர் விடும் கழிவு கீழே இருப்பவர் குடத்துக்கு வருகிறது. நெல்லை மாநகரின் சாக்கடை ஆற்றில் கலக்கிறது. அதற்குக் கீழே வல்லநாட்டுப் பக்கத்திலிருந்துதான் தூத்துக்குடிக்குக் குடிநீர் போகிறது. இது பொறுத்துக்கொள்ளக்கூடிய விஷயமே அல்ல.

வழியில் உறவுக்காரர் வீட்டுத் தூக்குச்சட்டிகளும் வந்து சேரும். திருப்புடைமருதூரில் கடனாநதி, சீவலப்பேரியில் குற்றாலத்துச் சிற்றாறு. சிற்றாறு சேரும் இடம் மூன்று அண்டாக்களுக்கும் வெகு கீழே என்பதைக் கவனியுங்கள். 2023 டிசம்பரில் வந்த பெருவெள்ளம் இதனால் விளங்கும். மலையில் பெய்து அணைகள் நிரம்பித் திறந்த அதே நேரத்தில், அணைகளுக்குக் கீழே சமவெளியிலும் கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ஒரே நாளில் 60 சென்டிமீட்டருக்கு மேல், பக்கத்தில் காயல்பட்டினத்தில் சுமார் 95. பந்தலிலேயே விழுந்த மழையை எந்த அண்டாவில் பிடிப்பது?

ஸ்ரீவைகுண்டம்தான் கடைசிப் பந்தி. மேலே கை தாராளமானால் இங்கே இலை காலி. பஞ்ச காலங்களில் முதலில் குரல் எழுவது இங்கிருந்துதான். அதையும் தாண்டி ஆழ்வார்திருநகரி, ஏரல் வழியாக ஆத்தூர் வந்தால் வெற்றிலைக் கொடிக்கால்கள். ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பிறகு புன்னைக்காயலில் ஆறு மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. தண்ணீரோடு வந்த வண்டலும் மணலும் முகத்துவாரத்தில் படிந்து படிந்து கரை முன்னே நகர்ந்தது. முத்துக்குப் பெயர்போன பாண்டியர் துறைமுகம் கொற்கை, இன்று கடலை விட்டுப் பல கிலோமீட்டர் உள்ளே வயல்களுக்கு நடுவில் இருக்கிறது.