சொல்லாத சொல்லுக்குச் சுமந்த பழி



"ஐயோ, நான் அப்படிச் சொல்லவே இல்லையே! சொல்லாததைச் சொன்னதா போட்டுட்டாங்களே!" பேப்பரில் பேர் வந்த பலரும் இப்படிப் புலம்பக் கேட்டிருப்போம். இருநூறு வருடத்துக்கு முன் இறந்த ஒரு பெண் இன்னும் இப்படிப் பழி சுமக்கிறார். அவர் பிரான்சு நாட்டு ராணி மேரி அந்துவானெட்.

ஜனங்களுக்கு ரொட்டி இல்லை என்றபோது, "ரொட்டி இல்லாவிட்டால் கேக் சாப்பிடட்டும்" என்று இந்த ராணி சொன்னதாக மேடைகளில் பேசுவார்கள். உண்மை என்ன?

ரூசோ என்ற அறிஞர் 1760-களில் தன் வாழ்க்கைக் கதையை எழுதினார். அதில் "ஒரு பெரிய இளவரசி" இப்படிச் சொன்னதாக ஒரு வரி வருகிறது. பெயர் கிடையாது. கேக்கும் கிடையாது, வெண்ணெய், முட்டை சேர்த்துச் செய்யும் ஒரு வகை ரொட்டியைத்தான் எழுதியிருக்கிறார். அப்போது மேரி அந்துவானெட் ஆஸ்திரியாவில் இருந்த சின்னப் பெண். 1770-ல் 14 வயதில்தான் கல்யாணமாகி பிரான்சுக்கு வந்தார். அவர் இதைச் சொன்னதற்கு எந்த ஆதாரமும் இல்லை. யாரோ சொன்ன சொல்லைப் பின்னால் வந்தவர்கள் அவர் தலையில் கட்டிவிட்டார்கள்.

ஜனங்களின் பசி மட்டும் நிஜம். 1789 அக்டோபரில் பாரிஸ் சந்தைப் பெண்கள் ஆயிரக்கணக்கில், ரொட்டி கேட்டு சுமார் 20 கிலோமீட்டர் நடந்து அரண்மனைக்கே போனார்கள். ராணி ஆடம்பரமாகச் செலவு செய்ததும் நிஜம். 1793-ல் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. செய்த தப்பைச் சொல்லலாம். சொல்லாததைச் சொன்னதாகச் சொல்வது நியாயமா?

பேச்சு எப்படி மாறுகிறது?

ஒருவர் சொன்னதை இன்னொருவர் பெயரில் போடுவது ஒரு வழி. மொழிபெயர்க்கும்போது வார்த்தை மாறுவது இன்னொன்று. பாதியை வெட்டுவது மூன்றாவது. உதாரணத்துக்கு, "வங்கிக் கடன் நேரத்துக்குக் கிடைக்கலேன்னா கந்துவட்டிக்குத்தான் போகணும்" என்று ஒரு ஊக்குநர் சொல்கிறார் என்று வையுங்கள். "கந்துவட்டிக்குப் போகும் மகளிர் குழுக்கள்" என்று தலைப்பு வந்தால் என்ன ஆகும்? குழுவின் பேர் கெடும். கடன் கொடுக்கிற வங்கியும் யோசிக்கும்.

நாம் என்ன செய்யலாம்?

* நிருபரிடம் பேசுமுன், சொல்ல வேண்டிய இரண்டு மூன்று விஷயங்களை எழுதி வையுங்கள். பேசி முடித்ததும், "நான் சொன்னதை ஒருமுறை படிச்சுக் காட்டுங்க" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.
* தப்பாக வந்தால் அந்தப் பக்கத்தை வெட்டித் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். திருத்தம் போடச் சொல்லி ஆசிரியருக்குக் கடிதம் எழுதுங்கள். நகல் வைத்துக்கொள்ளுங்கள்.
* ஆசிரியர் கேட்காவிட்டால், டெல்லியில் உள்ள இந்தியப் பத்திரிகை கவுன்சிலுக்கு எழுதலாம். நாளிதழ், வார இதழ் என்றால் செய்தி வந்த 2 மாதத்துக்குள். மற்ற இதழ்களுக்கு 4 மாதத்துக்குள். 1978-ம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சில் விசாரித்து எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். அபராதம் போடும் அதிகாரம் இல்லை. டி.வி. செய்தி இதில் வராது.
* செல்போனில் ஒரு படமும் அதன் கீழே யாரோ சொன்னதாக ஒரு வரியும் வந்தால், எப்போது, எங்கே சொன்னார் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

நம் தீர்மான நோட்டும் இதில் சேர்ந்ததுதான். ஒரு உறுப்பினர் "எனக்குச் சம்மதம் இல்லை" என்று சொல்லியிருக்க, "அனைவரும் ஏற்றுக்கொண்டனர்" என்று எழுதினால், நாமே அவர் பேச்சை மாற்றியவர்கள் ஆகிறோம். நாளைக்குக் கடன் பிரச்சினை வந்தால் அந்த எழுத்துதான் சாட்சி. எனவே எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்தோ கைரேகையோ வாங்குங்கள். வெற்றுத் தாளில் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.

அடுத்த கூட்டத்தில், போன மாதத் தீர்மானத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். அவரவர் சொன்னது அப்படியே இருக்கிறதா என்று எல்லோரையும் கேளுங்கள்.