கார் எர்த்திங் கிட்: காசு போட்டால் பலன் கிடைக்குமா?

(மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)

கார் அலங்காரப் பொருள் கடைகளில் சிவப்பும் நீலமுமாகப் பளபளக்கும் ஒயர் கட்டு ஒன்று தொங்குவதை நீங்கள் பார்த்திருக்கலாம். அதுதான் எர்த்திங் கிட். ஐந்தாறு தடித்த ஒயர்கள், முனைகளில் தங்க நிற வளையங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து இஞ்சின், கியர்பாக்ஸ், பாடி என்று பல இடங்களுக்கு இழுத்து மாட்ட வேண்டும். மாட்டினால் பிக்கப் கூடும், மைலேஜ் ஏறும், ஹெட்லைட் பிரகாசிக்கும், பாட்டு கூட சுத்தமாகக் கேட்கும் என்று அட்டையில் போட்டிருக்கும். இத்தனை நோய்க்கும் ஒரே மருந்து என்றால் நமக்குச் சந்தேகம் வர வேண்டாமா?

முதலில் இந்த 'எர்த்' என்ற சொல்லையே பார்ப்போம். வீட்டு எர்த் என்றால் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு, பைப்பு இறக்குகிறோம். கார் எர்த்துக்கும் பூமிக்கும் சம்பந்தமே இல்லை. கார் நான்கு ரப்பர் டயரில் நிற்கிறது. இங்கே எர்த் என்பது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பி வரும் பாதை, அவ்வளவுதான். ஒவ்வொரு பல்புக்கும் போக ஒரு ஒயர், வர ஒரு ஒயர் என்று இழுக்காமல், வரும் பாதைக்குக் காரின் இரும்பு உடம்பையே பயன்படுத்திவிட்டார்கள். (எம்.ஜி.பி. போன்ற பிரிட்டிஷ் கார்களில் 1967 வரை பாசிட்டிவ் முனையைத்தான் பாடியோடு சேர்த்திருந்தார்கள். அதுவும் ஓடத்தான் செய்தது.)

கிட் விற்பவர் சொல்லும் வாதம் இது: "இரும்பை விட செம்பு நல்ல கடத்தி. அதனால செம்பு ஒயர் போட்டா கரண்ட் ஈஸியா ஓடும்." முதல் வரி உண்மை. இரும்புத் தகட்டின் மின்தடை செம்பைப் போல ஏறக்குறைய 8 முதல் 10 மடங்கு. ஆனால் குறுக்குப் பரப்பு என்று ஒன்று இருக்கிறதே! கிட்டில் வரும் ஒயர் சுமார் 8 சதுர மி.மீ. 0.7 மி.மீ. தகடு அரை மீட்டர் அகலத்துக்கு இருந்தால் 350 சதுர மி.மீ. அதாவது 40 மடங்குக்கு மேல். பத்தால் வகுத்தாலும் பாடிதான் நாலு மடங்கு நல்ல கடத்தி. முதலாண்டு பாடத்தில் வரும் அதே சூத்திரம்தான், புதிதாக எதுவும் இல்லை.

அப்படியானால் எர்த் கோளாறே வராதா? வரும். தகட்டில் வராது, இணைப்பில் வரும். இஞ்சின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் கரண்டைக் கடத்தாது. ஆகவே இஞ்சினையும் பாடியையும் (சில வண்டிகளில் நேராகப் பேட்டரியையும்) சேர்க்க ஒரு பின்னல் ஒயர் இருக்கும். எர்த் ஸ்ட்ராப் என்பார்கள். மழைத் தண்ணீர், எண்ணெய், அதிர்வு எல்லாம் அதன் தலையில்தான். பின்னல் இழை இழையாக அறுந்துபோகும். போல்ட் அடியில் துரு ஏறும். பேட்டரி டெர்மினலில் உப்பு பூக்கும். ஸ்ட்ராப் முழுசாக அறுந்துவிட்டால், செல்ஃப் அடிக்கும்போது கரண்ட் வேறு வழி தேடி கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் பாயும். கேபிள் சுட்டுப் போன வண்டிகளை அனுபவமுள்ள மெக்கானிக்குகள் நிறையப் பார்த்திருப்பார்கள்.

எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசல் மிதித்தது நான் ஒருவன்தான். அதனால் வண்டி சம்பந்தப்பட்ட எல்லா வழக்குக்கும் நான்தான் ஜட்ஜ்! சித்தப்பா சொந்தமாக ஒரு பழைய பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். காலையில் செல்ஃப் இழுத்து இழுத்துத்தான் சுற்றும். ஒரு கடையில் 3,200 ரூபாய்க்கு கிட் போடச் சொல்லியிருக்கிறார்கள். "மைலேஜும் ரெண்டு கூடுமாம்டா. நீதான் படிக்கிறியே, போடலாமா வேணாமா சொல்லு" என்றார். 3,200 என்பது அவருக்கு ஒரு மாத இன்ஜின் ஆயில், பஞ்சர், டீ எல்லாம் சேர்ந்த கணக்கு.

மல்டிமீட்டர் வாங்கி வந்து பார்த்தேன். செல்ஃப் அடிக்கும்போது இஞ்சின் பிளாக்குக்கும் பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் நடுவே 0.9 வோல்ட் காட்டியது. செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் 135 வாட். இரண்டு ஹெட்லைட் பல்புக்கு மேற்பட்ட சக்தி, செல்ஃப் மோட்டாருக்குப் போகாமல் எர்த் இணைப்பில் சூடாக வீணாகிறது. கீழே குனிந்து பார்த்தால் ஸ்ட்ராப் பாதி அறுந்து பச்சை பிடித்துக் கிடந்தது. புது ஸ்ட்ராப் 180 ரூபாய். போல்ட் உட்காரும் இடத்தில் உப்புத்தாள் போட்டு இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்தோம். டெர்மினலை வெந்நீர் ஊற்றிக் கழுவி வேஸலின் தடவினோம். மறுபடி அளந்தால் 0.12. மறுநாள் காலை முதல் அடியிலேயே வண்டி ஸ்டார்ட். மைலேஜ் மட்டும் முன்பு எவ்வளவோ அவ்வளவுதான்!

இங்கே ஒன்று கவனியுங்கள். ஸ்ட்ராப் மாற்றாமல் அந்த கிட்டையே மாட்டியிருந்தாலும் செல்ஃப் சரியாகியிருக்கும். சித்தப்பாவும் ஊரெல்லாம் "கிட் போட்டேன், வண்டி பறக்குது" என்று சொல்லியிருப்பார். "எனக்கு வேலை செஞ்சுதே" என்று சத்தியம் பண்ணுகிறவர்கள் எல்லோரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் வண்டியில் எர்த் ஏற்கெனவே கெட்டிருந்தது. கெடாத வண்டியில் போட்டவர்களுக்கு ஒன்றும் தெரியாது. செலவழித்த மனசு மட்டும் ஏதோ தெரிகிற மாதிரி சொல்லும்.

மைலேஜ், பிக்கப் ஏன் கூடாது? இக்னிஷன் காயிலின் பிரைமரி சில ஆம்பியர்தான் இழுக்கிறது. அரை மீட்டர் ஒயரின் தடை ஒரு மில்லி ஓம். 8 ஆம்பியரை அதனால் பெருக்கினால் 0.008 வோல்ட். தீப்பொறி இதைக் கண்டுகொள்ளாது. மேலும் இன்றைய வண்டிகளில் இ.சி.யு. பேட்டரி வோல்டேஜைப் பார்த்து, காயில் சார்ஜ் ஆகும் நேரத்தையும் இஞ்செக்டர் திறக்கும் நேரத்தையும் தானே திருத்திக்கொள்கிறது. ஒரு விதிவிலக்கு உண்டு. ஒற்றை ஒயர் ஆக்சிஜன் சென்சார் உள்ள பழைய இஞ்செக்ஷன் கார்களில் அந்த சென்சாருக்கு எக்ஸாஸ்ட் குழாயும் இஞ்சினும்தான் எர்த். அது கொடுக்கும் சிக்னலே 0.1 முதல் 0.9 வோல்ட் வரைதான். எர்த்தில் 0.2 வோல்ட் தொலைந்தால் கலவைக் கணக்கு தப்பிவிடும், பெட்ரோலும் வீணாகலாம். அதற்கும் வைத்தியம் கெட்ட இணைப்பைச் சரிசெய்வதே.

சோதிக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். ஓம் அளவில் வைத்துப் பார்க்காதீர்கள். நாம் தேடுவது மில்லி ஓம். மீட்டர் ஒயரின் தடையே அதைவிடப் பல மடங்கு. ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் 'பீப்' அடித்து நம்மை ஏமாற்றும். 20 வோல்ட் டி.சி.யில் வையுங்கள். ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸைக் கழற்றிவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. கருப்பு முனையை டெர்மினல் கிளாம்ப் மேல் அல்ல, பேட்டரியின் ஈயத் தூண் மேலேயே வையுங்கள். சிவப்பு முனை இஞ்சின் பிளாக்கில். ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. பிறகு ஃப்யூஸைப் போட்டு வண்டியை ஓடவிட்டு, ஹெட்லைட், புளோயர் எல்லாம் போட்டு, பாடிக்கும் நெகட்டிவ் தூணுக்கும் நடுவே பாருங்கள். அது 0.1-க்குள் இருக்க வேண்டும். இரண்டும் சரி என்றால் கிட் சரிசெய்வதற்கு அந்த வண்டியில் எதுவும் இல்லை. பெரிய ஆம்ப்ளிஃபயர் வைத்துப் பாட்டு கேட்பவர்கள் கதை வேறு; அதற்குத் தனி எர்த் ஒயர் அவசியம்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆசைக்காகப் போடுகிறவர்கள் ஒயரை எக்ஸாஸ்ட் குழாய்க்கும் ஃபேனுக்கும் தள்ளி இழுக்கட்டும். வேலை தொடங்கும்போது நெகட்டிவ் டெர்மினலை முதலில் கழற்ற வேண்டும், கடைசியில் மாட்ட வேண்டும். சிக்னலில் தானாக ஆஃப் ஆகி மறுபடி ஸ்டார்ட் ஆகும் புது கார்களில் பெரும்பாலும் நெகட்டிவ் முனையை ஒட்டி ஒரு சின்னப் பெட்டி இருக்கும். பேட்டரிக்குள் வரும், போகும் கரண்ட்டை எண்ணுவது அதுதான். கிட் ஒயரை நேராக நெகட்டிவ் தூணில் மாட்டினால் அந்தக் கரண்ட் பெட்டியின் கண்ணில் படாமல் போகும், சார்ஜிங் கணக்கு தப்பாகும். அந்த வண்டிகளில் ஒயரை பாடியில் உள்ள எர்த் போல்ட்டில்தான் மாட்ட வேண்டும்.