ஊக்கின் முதுகு

பழைய புகைப்படமொன்றை அனுப்பி, "இந்த அல்ஜீரியப் பெண் நெற்றியில் ஏன் தட்டு வைத்திருக்கிறாள்?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகி.

தட்டில்லை அம்மா, ஊக்கு. ஜுர்ஜுரா மலைப்பக்கத்துக் கபைல் பெண்கள் அதைத் தப்ஸிம்த் என்பார்கள். ஆண்பிள்ளை பெற்றவள் நெற்றியில் குத்திக்கொள்வாள். பெண்பிள்ளையென்றால் அது மார்போடு நின்றுவிடும். இந்த வழக்கம் போனதற்கு நான் அழப்போவதில்லை.

கபைல் உடையென்றால் வளைவு நாடா வைத்த கவுன், இடுப்பில் சிவப்பும் மஞ்சளும் கறுப்புமாகக் கோடு போட்ட ஃபூத்தாத் துண்டு, இவை இன்று எல்லாப் படங்களிலும் கிடைக்கின்றன. ஆனால் தைத்த கவுன் பின்னால் வந்தது. அதற்கு முன் கம்பளித் துணியைத் தைக்காமலே உடம்பில் சுற்றி, கச்சை கட்டி, இரு தோளிலும் வெள்ளி ஊக்கு மாட்டினார்கள். ஊசியைத் துணி மடிப்பில் குத்தி, வாய் திறந்த வளையத்தை அதன்மேல் தள்ளித் திருப்பினால் போதும். துணியின் கனமே பிறகு பூட்டிக்கொள்ளும். என் அத்தையின் புடவைத் தலைப்பைப் பிடித்திருந்த சேஃப்டி பின்னுக்கு இந்தச் சாமர்த்தியம் கிடையாது. பந்தியில் பரிமாறும்போது அது இரண்டு முறை அவளைக் குத்தியிருக்கிறது.

இந்த ஊக்குகளைச் செய்யும் கபைல் ஊரான அத் யென்னியின் தட்டார்கள் வெள்ளிக் கம்பியால் பாத்தி கட்டி, அதற்குள் கண்ணாடிப் பொடியை நிரப்பிச் சூளையில் உருக்குவார்கள். கோபால்ட் கலந்தால் நீலம். பச்சையும் மஞ்சளும் உண்டு, நடுநடுவே பவளம். என்னைக் கட்டிப்போடுவது ஊக்கின் பின்புறம்தான். பழைய தப்ஸிம்த் பலவற்றைத் திருப்பிப் பார்த்தால் அங்கேயும் அதே எனாமல் பூ வேலை! துணியோடு ஒட்டிக் கிடக்கும் பக்கம். உடுத்தியவளுக்கும் செய்தவனுக்கும் தவிர யாருக்குத் தெரியும்?

துணியைத் தைத்த பிறகு ஊக்குக்கு வேலை போயிற்று. அழகுக்கு மட்டும் நின்றது. அழகு மட்டுமென்றால் மலிவு நுழைய எவ்வளவு நேரமாகும்? பவளத்துக்குப் பதில் சிவப்பு பிளாஸ்டிக், எனாமலுக்குப் பதில் சாயம். அத் யென்னியில் இன்னும் உலை மூட்டுபவர்கள் இருக்கிறார்கள். கோடையில் நகைத் திருவிழாவும் நடக்கிறது. வாங்கப் போகிற நாம் முன்பக்கத்தைப் பார்த்தே விலை பேசுகிறோம். ஒருமுறை விமான நிலையக் கடையில் நானும் அப்படி ஒன்றை வாங்கினேன். வீட்டுக்கு வந்து திருப்பினால், பசை தடவி ஒட்டிய சேஃப்டி பின்.